அந்தப் பெரியவருக்கு நான் கொடுத்த மருமகள்

“சிஸ்டர், அந்த அணுகுண்டு வீட்டுக்குள்ள வெடிச்சுச்சா, வெளிய வெடிச்சுச்சா?”

நைனா அண்ணன் என் கடிதத்தை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கேட்டார். முகத்தில் துளி சிரிப்பு இல்லை.

“வெளியதாண்ணே. மாமனார் வீட்டு வாசல்ல.”

“வாசல்ல அணுகுண்டு வெடிச்சும் மாப்பிள்ளை கையில ரெண்டு கொப்புளம் மட்டுந்தானா? பெரிய ஆளுதான்.”

வகுப்பில் இருந்த எல்லார் கண்ணிலும் தண்ணீர் வழிந்தது. சிரித்ததால் அல்ல. கீழே கிட்டங்கியில் மிளகாய் வற்றல் லோடு இறங்கிக்கொண்டிருந்தது. நைனா அண்ணனின் அத்தா விருதுநகரில் வற்றல் வியாபாரி. கிட்டங்கிக்கு மேலே சும்மா கிடந்த அறையில் மகன் ஆங்கில வகுப்பு நடத்தினார். சீசனில் வற்றல் நெடி படியேறி வந்து எங்களுக்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும். ஒரு தும்மலுக்கும் அடுத்த தும்மலுக்கும் நடுவில்தான் நாங்கள் இலக்கணம் படித்தோம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடம் ஆகியிருந்தது. செல்போன் வைத்திருந்தவர்கள் அது வெளியே தெரிகிற மாதிரி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த காலம். நான் சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். விருதுநகரில் அம்மாவோடு குடியிருந்து, தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். அப்பா இறந்து பல வருடம் ஆகிவிட்டது. நான் ஒரே பிள்ளை.

ஆஸ்திரேலியாவுக்கு நர்ஸ் வேலைக்குப் போக வேண்டுமென்றால் ஓர் ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும். கேட்பது, படிப்பது, பேசுவது என்று மூன்று பகுதி. நாலாவது கடிதம். ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்புகளைக் கொடுப்பார்கள். அதைப் பார்த்து, அந்த நோயாளியை அடுத்து கவனிக்கப்போகிற டாக்டருக்கோ நர்ஸுக்கோ ஒரு கடிதம் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சுலபமாக எழுதிவிட்டேன். அந்தக் கடிதம் என்னைப் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும்.

பிஸ்கட் கம்பெனியில் தீக்காயம்

நைனா அண்ணன் அந்தப் பரீட்சையை எழுதியவர் இல்லை. அவர் நர்ஸும் இல்லை. துபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்குகிற வேலையில் சில வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வெள்ளைக்காரர்களோடு பேசிப் பழகிய ஆங்கிலம் அவரிடம் இருந்தது. வியாதிப் பெயரும் மருந்துப் பெயரும் எங்களிடம் இருந்தன. இரண்டையும் சேர்த்து ஒப்பேற்றினோம்.

மாதிரிக் கேள்வித்தாள்கள் அவரிடம் கொஞ்சம்தான் இருந்தன. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து நோயாளியின் பெயரே மங்கிப்போன தாள்கள். அவையும் தீர்ந்துபோனதும், “உங்க ஆஸ்பத்திரிக்கு வந்த கேஸையே எழுதிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டார்.

சிவகாசி ஆஸ்பத்திரிக்கு வருகிற கேஸ் என்னவாக இருக்கும்? தலைதீபாவளிக்கு வந்த ஒரு மாப்பிள்ளையை நான் எழுதினேன். மச்சினன்மார் முன்னால் வீரம் காட்ட, வெடியைக் கையில் பிடித்துப் பற்றவைத்துத் தூக்கி எறியப் பார்த்தவர் அவர். அந்த வெடிக்கு நம் ஊரில் பெயர் அணுகுண்டு. பெட்டியிலேயே ஆங்கிலத்தில் ஆட்டம் பாம் என்று அச்சடித்திருக்கும். நான் அதை அப்படியே எழுதினேன். கை சுட்டதும் மாப்பிள்ளை பின்னால் தடுமாறி, எரிந்துகொண்டிருந்த புஸ்வாணத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். புஸ்வாணத்துக்குப் பெட்டியில் ஃபிளவர் பாட் என்று போட்டிருக்கும். அதையும் அப்படியே எழுதினேன்.

“மொதல்ல கையில ஆட்டம் பாம் வெடிச்சுச்சு. அப்பறம் பூந்தொட்டி மேல உக்காந்தாரு, பின்பக்கம் வெந்துபோச்சு. இதானே எழுதிருக்கீக? ஆஸ்திரேலியாக்காரன் இதைப் படிச்சா டாக்டரையா அனுப்புவான்? மிலிட்டரியத்தான் அனுப்புவான்.”

“பெட்டியில அப்படித்தாண்ணே போட்டிருக்கு.”

“பெட்டியில பாம்பு மாத்திரைன்னும்தான் போட்டிருக்கு. அதை எழுதி வச்சா எந்த வேளைக்கு எத்தனை போடணும்னு கேப்பான்.”

அடுத்தது சகாயமேரியின் கடிதம். அவள் அச்சங்குளத்துக்காரி, சாத்தூரில் நர்ஸ். சுற்றிலும் பட்டாசு ஆலைகளைப் பார்த்து வளர்ந்தவள். அவளுடைய நோயாளி ஒரு கிராக்கர் கம்பெனியில் வேலை செய்கிற பெண். கையில் தீக்காயம்.

“கிராக்கர்னா அங்கன உப்பு பிஸ்கட்டு தாயி. நான்தான் தெனமும் அடுக்குவேன்ல? பிஸ்கட்டுக் கம்பெனியில எப்படித்தா மருந்து தீப்புடிச்சுச்சு?”

சகாயமேரிக்கு மூக்கு சிவந்தது. அது நெடியாலா கோபத்தாலா என்று சொல்ல முடியாது. “எங்களுக்குக் கிராக்கர்னா கிராக்கர்தாண்ணே. அதுதான் எங்க ஊருக்குச் சோறு போடுது. வேணும்னா அவுக பிஸ்கட்டுக்கு வேற பேரு வச்சுக்கிடட்டும்” என்றாள். நான் கை தட்டினேன். நைனா அண்ணன் எங்கள் இருவரையும் ஃபயர்வொர்க்ஸ் என்று பத்து முறை எழுத வைத்தார்.

டியர் போடத் தெரியாத பெண்ணும் நலம் விசாரிக்கும் பெண்ணும்

சகாயமேரிக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. கடிதத்தை டியர் டாக்டர் என்று தொடங்க வேண்டும். அவள் தொடங்கமாட்டேன் என்றாள்.

“முன்னப்பின்ன தெரியாத ஆம்பளைக்கு எப்படிண்ணே டியர் போட? எனக்கு நிச்சயம் ஆயிருக்கு. அவுகளுக்கே நான் இன்னும் டியர் போடல.”

நைனா அண்ணன் பாவம், தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். “பொம்பளை டாக்டர்னு நெனச்சுக்கிட்டுப் போடுத்தா” என்றார். அதன் பிறகு அவள் உலகத்து டாக்டர்களையெல்லாம் பெண்ணாக்கி, டியர் போட்டு எழுதினாள்.

என் வியாதி வேறு. அது அம்மாவிடமிருந்து வந்தது.

அம்மா மிஷன் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் யாருக்குக் கடிதம் எழுதினாலும் ‘கர்த்தருக்குள் பிரியமான’ என்று தொடங்கி, அந்த வீட்டில் உள்ள ஒவ்வொருவர் சுகத்தையும் பெயர் சொல்லி விசாரிப்பாள். பிறகு எங்கள் சுகம். பிறகு மழை. விஷயம் கடைசி வரியில், ஓரத்தில் இடம் இருந்தால் வரும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஓட்டு வீட்டுக்குள் ஒரு பாம்பு புகுந்தது. அப்பா வெளியூரில். அம்மா மல்லாங்கிணறு ஊரில் இருந்த மாமாவுக்கு ஓர் ஆள் கையில் கடிதம் கொடுத்தனுப்பினாள். மாமா அத்தை சுகம், பிள்ளைகள் படிப்பு, கடலைச் செடி நிலவரம் எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில், ‘பாம்பு இன்னும் உள்ளேதான் இருக்கிறது’ என்று முடித்திருந்தாள். மாமா முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, தங்கச்சி நன்றாக எழுதியிருக்கிறாள் என்று மடித்து வைத்துவிட்டாராம்.

அந்த வயிற்றில் பிறந்தவள் நான். என் முதல் மாதிரிக் கடிதத்தில், தேவ கிருபையால் டாக்டரும் அவர் குடும்பத்தாரும் நலமாக இருப்பார்கள் என்று நம்பியிருந்தேன். இரண்டு பத்தி அப்படியே போனது.

“பேஷண்ட்டு எப்ப சிஸ்டர் வருவாரு?”

“அடுத்த பாராவுல வந்துருவாருண்ணே.”

“அதுக்குள்ள செத்துருவாரு சிஸ்டர்.”

எங்கள் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரின் வழி இதற்கு நேர்மாறு. மதுரைக்கு அனுப்புகிற எந்தக் கேஸுக்கும் அவர் எழுதுவது ஒரே வரி: கைண்ட்லி டூ தி நீட்ஃபுல். வேண்டியதைச் செய்யுங்கள். என்ன வேண்டும் என்பதை மதுரைக்காரர்கள் நோயாளியைப் புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அம்மாவுக்கும் பெரிய டாக்டருக்கும் நடுவில் எங்கோ ஒரு கடிதம் இருக்கிறது, அதைத்தான் ஆஸ்திரேலியாக்காரன் கேட்கிறான் என்று எனக்குப் புரியவே பல மாதம் ஆனது.

மருமகள் வந்த விதம்

சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதினோம். நான் தலை நிமிர்ந்து திரும்பினேன். முடிவு வந்தபோது மூன்று பகுதியில் பாஸ், கடிதத்தில் ஃபெயில். சகாயமேரி நாலிலும் பாஸ். இந்தத் தொடரை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்கு என் குணம் தெரியும். அவளை வாழ்த்திவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு செம்பைப் போட்டு நசுக்கினேன்.

நைனா அண்ணன் விடவில்லை. பரீட்சையில் எழுதிய கடிதத்தை ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன ஒரு பெரியவர் வீட்டுக்குப் போகிறார். ஆஸ்திரேலியாவில் வீடு வீடாகப் போய்க் கவனிக்கிற நர்ஸ் உண்டாம். அந்த நர்ஸுக்குக் கடிதம். நைனா அண்ணன் வாய்க்குள் முணுமுணுத்துப் படித்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார்.

“அந்தப் பெரியவருக்குப் பொண்டாட்டி செத்துப்போச்சு, லிவ்ஸ் அலோன், தனியா இருக்காருன்னுதானே குறிப்புல இருந்துச்சுன்னீக?”

“ஆமாண்ணே.”

“பின்ன, சாப்பாட்டை அவர் மருமக பாத்துக்கிடுவாகன்னு எழுதிருக்கீகளே. யாரு சிஸ்டர் இந்த மருமக?”

தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். கேள்வித்தாளில் மருமகள் இல்லை. மகனே இல்லை.

“பின்ன யாருண்ணே அவருக்குக் கஞ்சி வச்சுக் குடுப்பா?” என்று அவர் மேலேயே பாய்ந்தேன்.

நீங்களே சொல்லுங்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் ஓர் ஆள் உள்ளே வந்தால் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, ‘கூட யாரு வந்திருக்கா?’ என்பதுதான். பெயர், வயது, என்ன செய்கிறது என்பதெல்லாம் அப்புறம். கட்டிலில் நோயாளி படுத்திருந்தால் கீழே பாயில் கூட ஆள் படுத்திருக்கும். மருந்து வாங்கி வர, ஃபிளாஸ்கில் காபி வாங்கி வர, எங்களிடம் திட்டு வாங்க, எல்லாவற்றுக்கும் கூட ஆள்தான். ஒரு தடவை ஒரு லாரி டிரைவர் கூட ஆள் இல்லாமல் வயிற்று வலியோடு வந்துவிட்டார். எதிர் டீக்கடைக்காரரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்த பிறகுதான் எங்களுக்கு டிரிப்ஸ் போடக் கை வந்தது. டீக்கடைக்காரரும் அண்ணன் மாதிரி சாயங்காலம் வரை விசிறிக்கொண்டு இருந்தார்.

அப்படிப் பழகிய கை, இடுப்பு ஒடிந்த மனுஷனைத் தனியாக வீட்டுக்கு அனுப்புமா? அனுப்பவில்லை. நான் யோசிக்காமலே அது ஒரு மருமகளை ஏற்பாடு செய்துவிட்டது.

“இல்லாத ஆளை உண்டாக்குனா மார்க்கு போயிரும் சிஸ்டர். குறிப்புல உள்ளதை மட்டுந்தான் எழுதணும்.”

சரி என்று தலையாட்டினேன். அடுத்த கடிதத்தில் மருமகள் இல்லை, பக்கத்து வீட்டு அக்கா வந்தாள். அதற்கடுத்ததில் சபையிலிருந்து இரண்டு பேர் ஜெபிக்க வந்தார்கள், வரும்போது ரசம் கொண்டுவந்தார்கள். ஒரு கிழவிக்குப் பால்காரரைத் துணைக்கு வைத்தேன். நைனா அண்ணன் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, “அம்புட்டு பேரும் வந்துட்டாக. பந்திதான் போடல” என்றார்.

அம்மா போட்ட இம்போசிஷன்

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற சென்னை ஏஜென்சிக்காரர் போன் செய்தார். ஆஸ்திரேலியாவில் ஓர் ஆஸ்பத்திரி எனக்கு வைத்திருக்கிற இடத்தை அடுத்த பரீட்சை வரைக்கும்தான் வைத்திருக்கும். அதிலும் கோட்டைவிட்டால் இடம் வேறு ஆளுக்கு. எனக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு இடம் வரும் என்று அவர் சொல்லவும் இல்லை, நான் நம்பவும் இல்லை.

நான் போக வேண்டும் என்பதில் என்னைவிட அம்மாவுக்குத்தான் வெறி. கோயிலில் ஞாயிறு ஆராதனைதோறும் என் பரீட்சைக்காக எல்லாரையும் ஜெபிக்கவைத்தாள். ஃபெயில் ஆனதற்கு என்ன காரணம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதும் ஆடித் தீர்த்துவிட்டாள்.

“ஏடி எஸ்தரு, எவனோ ஒரு கெழவனுக்கு மருமக பாக்கவா உன்னைய நர்ஸுக்குப் படிக்க வச்சேன்? உனக்கே இன்னும் மாப்பிள்ளை அமையல, நீ அவன் மகனுக்குக் கலியாணம் பண்ணிவைக்கிறியா?”

“தனியா இருக்காகன்னு எழுத வரலம்மா. கை நிக்குது.”

“தனியா இருந்தா என்ன? தனியா இருக்கவுக எல்லாம் செத்தா போறாக? நான் இருக்கமாட்டேனா?”

சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். எனக்கு நெஞ்சுக்குள் கிடந்தது அதுதான். நான் பாஸானால் அம்மா தனி. அவளுக்குச் சர்க்கரை உண்டு. முந்தின வருடம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, நான் டியூட்டி முடிந்து வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஃபெயிலானால் அவள் முகம் வாடிப்போகும். அந்த முகத்தை அப்புறம் யார் பார்ப்பது?

சற்று நேரத்தில் ஒரு நீள நோட்டோடு வெளியே வந்தாள். “லிவ்ஸ் அலோன்னு இந்தப் பக்கம் பூரா எழுது. கோடு தாண்டக் கூடாது” என்றாள். முப்பதை நெருங்குகிற நான் உட்கார்ந்து இம்போசிஷன் எழுதினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிவப்பு மையில் திருத்தினாள். கையெழுத்து சரியில்லை என்று மறுபடி ஒரு பக்கம்.

எவள் அவள்?

மறுபடி சென்னை. பெரிய ஹால். ஏசிச் சத்தம். கேள்வித்தாளைத் திருப்பினேன்.

ஓர் அம்மாள். ஓய்வு பெற்ற டீச்சர். கணவர் இல்லை. சர்க்கரை வியாதி. வீட்டில் விழுந்து மணிக்கட்டு முறிந்து, இப்போது டிஸ்சார்ஜ். லிவ்ஸ் அலோன். ஒரே மகள், வெளிநாட்டில். போனில் பேசுவாள்.

எனக்கு வந்ததே கோபம்! எவ இவ? பெத்தவ கீழே விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டுக் கெடக்கா, இந்த மகராசி வெளிநாட்டுல உக்காந்துக்கிட்டுப் போன் பண்ணுவாளாம் போன்! நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட்டு, அந்த அம்மாளுக்கு ஒரு தங்கச்சியையாவது துணைக்கு வைத்துவிட வேண்டும் என்று பேனாவை எடுத்தேன்.

எடுத்த பிறகுதான் உறைத்தது. அவள் நான்தான். அவளாக ஆவதற்குத்தான் இந்தப் பரீட்சையை எழுத வந்திருக்கிறேன்.

பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. ஹாலில் மேற்பார்வைக்கு நின்ற பெண் ஓடி வந்து என்ன என்று கேட்டார். “டஸ்ட்” என்றேன். ஏசி போட்ட ஹாலில் என்ன தூசி என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனுஷி.

மூக்கைச் சிந்திவிட்டு எழுதினேன். இவர் தனியாக வசிக்கிறார். ஒரே மகள் வெளிநாட்டில் இருக்கிறார். யாரையும் சேர்க்கவில்லை. பால்காரர்கூட வரவில்லை. குறிப்பில் இருந்த சர்க்கரை அளவு, மாத்திரை, கட்டுப் பிரிக்க வேண்டியது, பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைக்க வேண்டியது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதினேன். தயவுசெய்து சீக்கிரம் போய்ப் பாருங்கள் என்று முடித்தேன். அந்தத் தயவுசெய்து மட்டும் குறிப்பில் இல்லாதது.

பொரிச்ச புரோட்டா

முடிவு வரும்வரை கேள்வித்தாளைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அம்மாவின் டீச்சர் காலத்துச் சட்டம். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

முடிவைப் பிரவுசிங் சென்டரில் பார்த்தது நைனா அண்ணன்தான். பார்த்த கையோடு மொபெட்டில் எங்கள் தெருவுக்கு வந்து, ஹாரனை விடாமல் அடித்தார்.

“பாஸு சிஸ்டர்! மருமக இல்லாமலே பாஸு!”

தெருவே எட்டிப் பார்த்தது. அவர் கையில் பொரிச்ச புரோட்டா பார்சல். அம்மா அழுதாள். அங்கேயே நின்று ஜெபம் பண்ணினாள். ஆமென் சொன்ன வாயோடு, நான் ஏன் அழுகிறேன் என்று என்னைத் திட்டினாள். எந்த மருமகள் என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு முழுக் கதையையும் சொன்னாள். தொண்டை கட்டுகிற வரைக்கும் சொன்னாள்.

எல்லாரும் போன பிறகு நானும் அம்மாவும் உட்கார்ந்து சாப்பிட்டோம். சர்க்கரைக்காரி, புரோட்டாவைத் தொடக் கூடாது. அன்றைக்கு நான் தடுக்கவில்லை.

“இப்பச் சொல்லலாம். என்ன கேள்வி வந்துச்சு?” என்றாள்.

“ஒரு அம்மா. வீட்டுல விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டாக. டீச்சரா இருந்தவுக.”

“வீட்டுல யாரு இருக்கா?”

“யாரும் இல்ல. ஒரே மக. அவ வெளிநாட்டுல இருக்கா.”

அம்மா புரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊறப்போட்டாள். முறுமுறுவென்று இருக்கும்போதே தின்ன வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான்.

“அந்த மக போன் பண்ணுவாளா?”

“பண்ணுவான்னு போட்டிருந்துச்சு.”

“எம்புட்டு நாளைக்கு ஒருக்க?”

“அது போடல.”

“நீயா ஒண்ணும் சேக்கலையே?”

“சேக்கலம்மா. உள்ளதை மட்டுந்தான் எழுதுனேன்.”

“அதான் பாஸாயிருக்கே” என்றாள். ஊறிப்போன புரோட்டாவை விரலால் தள்ளினாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

“ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் பண்ணுவான்னு ஒரு வரி மட்டும் சேத்திருக்கலாம்லடி.”